எங்கள் கிணற்றுச் சுவரில் ஒரு கடல்

சித்திரை பிறந்துவிட்டால் கிணறு தூர்வாருவது எங்கள் வீட்டில் வழக்கம். தண்ணி அடிமட்டத்துக்குப் போயிருக்கும். இரண்டு பேர் உள்ளே இறங்கிச் சேற்றைக் கூடையில் அள்ளிப் போட, மேலே நிற்கிறவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கொட்டுவோம். இந்த வருஷம் அந்த வேலை நடக்கும்போது சென்னையில இருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர், "என்னங்க, சுவர் கோடு கோடா இருக்கு? பெயிண்ட் அடிச்ச மாதிரி?" என்று கேட்டார்.

"அது கடல்ங்க" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

கிண்டல் இல்லை. எங்கள் காடு பெரம்பலூர் மாவட்டத்தில், காரை பக்கம் இருக்கிறது. இங்கேயிருந்து கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி அரை நாள் போகணும். ஆனால் கிணற்றுச் சுவரில் நாலைந்து அடி கரிசல், அதற்குக் கீழே மஞ்சள் களி, களிக்குள் கண்ணாடித் தகடு மாதிரி ஜிப்சம், அதற்கும் கீழே சாம்பல் நிறக் களிமண். அந்தச் சாம்பல் களியில் சிப்பியும் சுருள் சுருளான கல்லும் கிடக்கும். சில இடத்தில் துப்பாக்கித் தோட்டா மாதிரி கூரான கல்லும் வரும். சுருள் கல்லை எங்க அப்பாயி 'சக்கரக்கல்' என்று சொல்லும். உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புளிப்பானை மூடி மேல் பாரமாக வைத்திருந்தது.

அந்தப் பாரக்கல்லின் பெயர் அம்மோனைட் என்று எனக்குத் தெரிந்தபோது வயசு நாற்பது தாண்டிவிட்டது. கணவாய், ஆக்டோபஸ் வகையறாவுக்குச் சொந்தக்காரன். சுருள் ஓட்டுக்குள் இருந்துகொண்டு கடலில் நீந்திய உயிர். தோட்டா மாதிரி இருப்பது பெலம்னைட். அதுவும் கணவாய்க்கு ஒன்றுவிட்ட பங்காளிதான். பெருமாள் கோயில்களில் பூஜையில் வைக்கும் சாளக்கிராமமும் பெரும்பாலும் அம்மோனைட்தான். அது நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைப்பது, இமயமலைப் பாறையிலிருந்து வருவது. அதற்குப் பூஜை, எங்கள் ஊர்க் கல்லுக்குப் புளிப்பானை. அவரவர் பிறந்த இடம் அப்படி!

சரி, இது கடல் என்று யார் கண்டுபிடித்தார்கள், எப்படி? அதுக்கு முதலில் எருக்குழியைப் பார்க்கணும்.

எருக்குழியில் போன ஆடியில் கொட்டின சாணி அடியில் கிடக்கும். இன்னைக்குக் காலையில் கொட்டினது மேலே இருக்கும். நடுவில் ஓர் அடுக்கு முழுக்கக் கரும்புச் சக்கை வந்தால் அது பொங்கல் சமயம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டு எருக்குழியிலும் கரும்புச் சக்கை அடுக்கு இருந்தால், அந்த அடுக்கும் இந்த அடுக்கும் ஒரே வயசு. பூமியின் வரலாற்றைப் படிக்கிற அடிப்படைப் பாடம் இவ்வளவுதான். கீழே கிடப்பது பழசு, மேலே கிடப்பது புதுசு என்று 1669-லேயே நிக்கோலாஸ் ஸ்டீனோ எழுதிவைத்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய 'கரும்புச் சக்கை' உண்டு, அது அந்த அடுக்கில் இருக்கும் உயிரின் மிச்சம்தான் என்று கண்டவர் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மித். அவர் கொல்லர் வீட்டுப் பிள்ளை. கால்வாய் வெட்டுகிற இடங்களில் அளவு எடுக்கிற வேலை பார்த்தவர். வெட்டின மண்ணைப் பார்த்துப் பார்த்தே படித்து, 1815-ல் நாட்டுக்கே நிலவியல் வரைபடம் போட்டுவிட்டார். எனக்கு இந்த மனுசனை ரொம்பப் பிடிக்கும். மண் வெட்டுகிறவனுக்கும் வரலாறு தெரியும் என்பதற்கு அவர்தான் சாட்சி.

எங்கள் பக்கத்துக் கற்கள் வெளியுலகத்துக்குத் தெரிந்தது 1840-களில். கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கம் அலைந்து சேகரித்தவற்றைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-ல் எழுதினார். இது கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் என்பது அப்போதுதான் தெரிந்தது. 'கிரெட்டா' என்றால் லத்தீனில் சுண்ணக்கட்டி. சுண்ணாம்புக் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு பொருத்தமான பேர்!

ஆனால் ஊர் ஊராக நடந்து அடுக்குகளை வரிசைப்படுத்தியவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு இருபது சொச்சம் வயசில் வேலைக்கு வந்தவர். அவருடைய அறிக்கை 1862-ல் வந்தது. அடியில் கிடக்கும் அடுக்குக்கு ஊட்டத்தூர், நடு அடுக்குக்குத் திருச்சிராப்பள்ளி, மேல் அடுக்குக்கு அரியலூர் என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க இந்தத் துறையில் படிப்பவர்கள் ஊட்டத்தூர், அரியலூர் என்ற பெயர்களைச் சொல்லாமல் தப்ப முடியாது. அவர் இந்த அறிக்கைக்கு வேலை பார்த்த அதே காலத்தில்தான், 1859-ல், டார்வின் புத்தகம் வந்தது. உயிர்கள் காலப்போக்கில் மாறிக்கொண்டே வந்தன என்று அங்கே அவர் எழுத, அடுக்குக்கு அடுக்கு அம்மோனைட்டின் வகை மாறுவதை இங்கே வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார் இவர்.

இந்தப் பிளான்ஃபோர்டை விவசாயிகள் மறக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத்துறை தொடங்கியபோது அதற்கு முதல் தலைவர் இவர்தான். இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் பருவமழை பலவீனப்படும் என்று 1884-ல் எழுதியவரும் இவரே. நம்ம காட்டின் பத்துக் கோடி வருஷத்துக் கதையைப் படித்த மனுசன்தான், அடுத்த மழை எப்படி இருக்கும் என்றும் நமக்காக யோசித்திருக்கிறார்.

பிளான்ஃபோர்டும் மற்றவர்களும் சேகரித்த சிப்பி, நத்தை, பவளம், அம்மோனைட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வரைந்து பெயர் எழுதினவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்தவர். தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றிய பெரிய தொகுதிகளை 1873-ல் முடித்தார். அடுத்த வருஷமே யார்கண்ட் பயணம் போய்த் திரும்பும் வழியில், லடாக் மலையில் இறந்துபோனார். வயசு 36. கல்லறை லேயில் இருக்கிறது. அரியலூர்ச் சிப்பிக்குப் பேர் வைத்தவர் பனி மலையில் தூங்குகிறார்.

இப்போது என் நண்பரைக் கூட்டிக்கொண்டு போன வழியில் உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். எங்கள் பக்கம் அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கின்றன. அதனால் கிணறு வெட்டாமலேயே, மேற்கிலிருந்து கிழக்கே வண்டியில் போனால் பழைய காலத்திலிருந்து புதிய காலத்துக்கு வந்துவிடலாம்.

மேற்கே பச்சைமலைப் பக்கம் கடினப் பாறை. இருநூறு கோடி வருஷத்துக்கும் மேல் வயசு. அதில் ஒரு சிப்பி கிடையாது. கொஞ்சம் கிழக்கே வந்தால் தெரணி. அங்கே வெட்டுகிற வெள்ளைக் களிமண்ணில் இலைகளின் அச்சு கிடைக்கும். கடல் வரும் முன்னால் இங்கே காடு இருந்தது என்று அந்த இலைகள் சொல்கின்றன.

அப்புறம் காரை, ஊட்டத்தூர். மழை அரித்து அரித்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் களிமண் காடு. ஏறக்குறைய பத்துக் கோடி வருஷத்துக்கு முந்திய கடலின் அடிச்சேறு இது. சுறாவின் பல் கிடைக்கிறது. இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவின் எலும்பும் பல்லும் கிடைத்திருக்கின்றன. பார்க்க மீன் மாதிரி இருக்கும், ஆனால் மீன் இல்லை, நுரையீரலால் மூச்சு விட்டது. 1879-லேயே லிடெக்கர் என்பவர் அதைப் பற்றி எழுதிவிட்டார்.

காரைக்குத் தெற்கே கல்லக்குடி. 1953-ல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி நடந்த போராட்டமும், கலைஞர் தண்டவாளத்தில் படுத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த சிமெண்ட் ஆலை ஏன் கல்லக்குடிக்கு வந்தது? அடியில் சுண்ணாம்புப் பாறை இருந்தது. அந்தப் பாறை ஏன் அங்கே வந்தது? அந்தப் பழைய கடலின் கரையோரம் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய திட்டு அது. பவளம் வளர வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். ஒரு போராட்டத்தின் அடியில் ஒரு பவளத்திட்டு இருந்திருக்கிறது!

மேலும் போனால் சாத்தனூர் கல்மரம். 1940-ல் இதைக் கண்டறிந்தவர் எம்.எஸ்.கிருஷ்ணன். நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர். மரம் 18 மீட்டருக்கு மேல் நீளம். அது ஊசியிலை மர வகை. கரையில் வளர்ந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கடல் மணலில் புதைந்து, மெதுவாகக் கல்லாகிப் போனது. அந்தக் காலத்தில் பூக்கும் செடிகள் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தன. நான் பயிர் வைக்கிற பருத்தி, வெங்காயம், மக்காச்சோளம் எல்லாமே பூக்கிற சாதி. புல் அதற்கும் பின்னால் வந்த குடும்பம். மகாராஷ்டிராவில் பிஸ்துரா என்ற இடத்தில் டைனோசர் சாணக் கல்லுக்குள் புல்லின் துகள்களும், நெல்லுக்கு உறவான புல்லின் தடயமும் கிடைத்ததாக நம்ம நாட்டு விஞ்ஞானிகள் 2005-ல் எழுதினார்கள். களை பறித்து முதுகு ஒடிகிறபோது இதை நினைத்துக்கொள்வேன். இந்த அருகம்புல் கூட்டம் டைனோசரையே பார்த்துவிட்டு வந்தது. என் மண்வெட்டிக்கா பயப்படப் போகிறது?

இன்னும் கிழக்கே அரியலூர். கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புப் பாறையில் பாதிக்குமேல் சிப்பிதான். ஒரு டன் சிமெண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக் கல் வேண்டும். அதில் கடைசியாகக் கொஞ்சம் ஜிப்சமும் சேர்த்து அரைப்பார்கள். நாங்கள் செம்மண் காட்டில் கடலைக்கு மண் அணைக்கும்போது போடுவதும் அதே ஜிப்சம்தான். நகரத்தில் இருக்கிற நீங்கள் ஆணி அடிக்க முடியாமல் திட்டுகிற ஃபிளாட் சுவரில், எங்கள் ஊர்ச் சிப்பி இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

இந்தக் கடல் ஏன் வந்தது, ஏன் போனது? 19-ம் நூற்றாண்டில் அறிஞர்களைக் குழப்பியது இந்தக் கேள்விதான். எங்கள் பக்கத்துக் கற்களுக்கு ஒப்பானவை தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்தன. நடுவில் கடல் இருக்க, எப்படி? இந்தியாவையும் மடகாஸ்கரையும் இணைத்த ஒரு நிலம் மூழ்கிப்போனது என்று 1864-ல் ஸ்கிளேட்டர் என்பவர் சொல்லி, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது லெமூர் என்ற தேவாங்கு மாதிரி விலங்கை. நம்ம பிளான்ஃபோர்டும் 1875-ல் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த பழைய நிலம் பற்றி எழுதினார். லெமூரியா என்றதும் நமக்குக் குமரிக்கண்டம் ஞாபகம் வரும். ஆனால் நடந்தது வேற. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது. இந்தியா தெற்கே அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது பிரிந்த விளிம்பில் நிலம் பிளந்து பள்ளமாகியது. அந்தக் காலத்தில் துருவங்களில் பெரிய பனிப்பாளம் இல்லாததால் உலகம் முழுக்கக் கடல் மட்டம் உயரம். பள்ளத்தில் கடல் ஏறி வந்துவிட்டது. ஏறக்குறைய ஒன்பது கோடி வருஷத்துக்கு முன்னால் மடகாஸ்கரும் பிரிந்தது. நாம் வடக்கே போய் ஆசியாவில் முட்டினோம். கண்ட நகர்வு தெரியாத காலத்தில் அவர்கள் சொன்ன காரணம் தப்பாகப் போனது. ஆனால் எந்தக் கல் எந்த ஊரில் எந்த அடுக்கில் கிடந்தது என்று எழுதிவைத்தது தப்பாகவில்லை. அதை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் சரியான காரணத்தைத் தேடினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

அரியலூரையும் தாண்டி கிழக்கே போனால் ஓர் இடத்தில் அம்மோனைட் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு விண்கல் மெக்சிகோ பக்கம் விழுந்தது. பெரிய டைனோசர்கள் போயின, அம்மோனைட்டும் போனது. ஆனால் அதற்கு உறவான, அதே மாதிரி சுருள் ஓடு வைத்த நாட்டிலஸ் பிழைத்துக்கொண்டது, இன்றைக்கும் பசிபிக் கடலில் இருக்கிறது. ஏன் ஒன்று செத்தது, ஒன்று பிழைத்தது? ஒரு விளக்கம் எனக்கு மனசில் நிற்கிறது. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேல்மட்டத்தில் மிதந்து வளர்ந்தவை. அழிவு வந்தபோது முதலில் அடி வாங்கியது மேல்மட்டம்தான். நாட்டிலஸ் கொஞ்சமாக முட்டை போடும், பெரிய முட்டையாகப் போடும், ஆழத்தில் வாழும். விதை பெரிதாக இருந்தால் வறட்சியைத் தாங்கி முளைக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா?

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்று ஓர் ஊர். டைனோசர் எலும்பு கிடைத்த இடம். அங்கே கிடைத்த ராட்சத எலும்புகளை வைத்துப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-ல் ஒரு விலங்குக்கு 'பிருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் என்று எழுதியிருந்தார்கள். முதலில் மாமிசம் தின்னி என்றார்கள், பின்னால் தழை தின்கிற நீண்ட கழுத்துக்காரன் என்று மாற்றினார்கள். பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த எலும்பு இன்றைக்கு இல்லை. ஈரத்தில் ஊறிப்போய், கட்டுப் போட்டு எடுத்தும் பொடிப்பொடியாக நொறுங்கிவிட்டது. மிஞ்சியது கோட்டுப் படங்களும் சில போட்டோக்களும்தான். எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. வழக்கு நடக்கிறது, சாட்சி செத்துப்போய்விட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. நானும் ஒரு சாட்சியைத் தொலைத்தவன்தான்.

எங்கள் கிணற்றை ஆழப்படுத்தியபோது, எனக்கு அப்போது பதினேழு வயசு இருக்கும், வண்டிச் சக்கரத்தில் பாதி அகலத்துக்கு ஒரு சக்கரக்கல் வந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். ரொம்ப நாள் களத்து மேட்டில் கிடந்தது. ஆடு கட்டுவோம். ஒரு நாள் காரில் வந்த யாரோ கேட்டார்கள், அப்பா கொடுத்துவிட்டார். ஐந்நூறு ரூபாய் தந்தார்கள். அந்தப் பணத்தில் கவலை மாட்டுக்குப் புதுக் கயிறும் தங்கச்சிக்குப் பாவாடை சட்டையும் வாங்கியதாக ஞாபகம். அப்போது அது எங்களுக்கு நல்ல பணம். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

பல வருஷம் கழித்து நிலவியல் படிக்கிற ஒரு பொண்ணு, கல்லூரி மாணவி, எங்கள் காட்டுக்கு வந்தது. கிணற்றுக்குள் இறங்கி அடுக்கு அடுக்காக அளந்து நோட்டில் எழுதியது. நான் அந்தப் பெரிய கல்லைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். "எத்தனாவது அடியில வந்துச்சுங்க ஐயா? மஞ்சள் களியிலா, சாம்பல் களியிலா?" என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. அது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லங்க ஐயா" என்றது. அந்தப் 'பரவாயில்ல' இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கல் இப்போது யார் வீட்டு வரவேற்பறையில் இருந்தாலும், அது வெறும் அழகான கல்தான். எந்த அடுக்கு என்று தெரியாத கல்லுக்கு வயசும் கிடையாது, ஊரும் கிடையாது. பத்திரம் இல்லாத நிலம் மாதிரி.

இப்போது சனி, ஞாயிறு ஆனால் காரைக்குக் காரும் பைக்கும் வருகின்றன. சந்தோஷம்தான். வாங்க, பாருங்க, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க. ஆனால் திரும்பிப் போகும்போது பை கனமாக இருக்கிறது. ஒருத்தர் நாலு கல் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எருக்குழியை நாலு கோழி கிளறினால் எது ஆடி, எது தை என்று எனக்கே தெரியாது. சுரங்கம் தோண்டுவதை நானோ நீங்களோ ஒரே நாளில் நிறுத்த முடியாது. நமக்கும் வீடு வேண்டும், சிமெண்ட் வேண்டும். ஆனால் நம்ம பையில் போடுவதை நாம் நிறுத்தலாம். கல்லை இருந்த இடத்திலேயே வைத்து, பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்துப் போட்டோ எடுங்க. இடத்தைக் குறித்துக்கொள்ளுங்க. அபூர்வமாகத் தெரிந்தால் பக்கத்துக் கல்லூரியில் நிலவியல் துறைக்குச் சொல்லுங்க. நேரில் பார்க்க ஆசையாக இருந்தால் அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, சாத்தனூரில் கல்மரம் இருக்கிறது.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். போன வருஷம் கிணற்றுச் சுவர் சரிகிறது என்று உள்பக்கம் சிமெண்ட் பூசச் சொன்னேன். கொத்தனார் முழுசாகப் பூச வந்தார். வடக்குப் பக்கம் நாலு அடி அகலத்துக்கு, மேலிருந்து கீழ்வரை பூசாமல் விடச் சொன்னேன். "மண்ணு சரிஞ்சா என்னைக் குத்தம் சொல்லக் கூடாதுண்ணே" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். அந்த நாலு அடியில் பெயிண்டால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோடு போட்டு எண் எழுதியிருக்கிறேன். இந்தச் சித்திரையில் தூர்வாரியபோது 31-வது அடியில் சாம்பல் களியிலிருந்து ஒரு சின்ன சக்கரக்கல் எட்டிப் பார்த்தது. எடுக்கவில்லை. அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.